கல்யாணக் கார்டில் போடும் வசனம்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

கார்டுக்கு 1 கொரிந்தியர் 13 போதும் என்று சொல்லியிருந்தாய். அன்பைப் பற்றிப் பவுல் எழுதின நல்ல அதிகாரம்தான். ஆனால் ஐயா, அது கல்யாண வீட்டுக்கு எழுதினது இல்லை. "நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்று கட்சி கட்டி, ஒருவர்மேல் ஒருவர் வழக்குக்குப் போய், இராப்போஜனத்தில்கூட ஒருவன் பசியோடு இருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருந்த சபைக்கு எழுதினது. அதனால்தான் பவுல் அங்கே அன்பை வர்ணிக்கவே இல்லை. 4 முதல் 7 வரையுள்ள வசனங்களில், கிரேக்கத்தில் எண்ணினால் 15 வினைச்சொற்கள். அன்பு இதைச் செய்யும், இதைச் செய்யாது, அவ்வளவுதான்.

அதில் ஒரு சொல்லை மட்டும் கிட்டப் போய்ப் பார். "தீங்கு நினையாது" என்று நம் வேதாகமத்தில் இருக்கிறது. மூலத்தில் உள்ள 'லொகிட்சோமாய்' கணக்கு எழுதுகிற சொல். யார் எப்போது என்ன செய்தார் என்று பற்று எழுதி வைக்காது என்பதுதான் பொருள். இதே சொல்லைப் பவுல் 2 கொரிந்தியர் 5:19-இலும் எழுதுகிறார்: தேவன் உலகத்தாருடைய பாவங்களை "எண்ணாமல்" அவர்களைத் தமக்கு ஒப்புரவாக்கினார். முதலில் கணக்கை மூடினவர் அவர். அதற்குப் பிறகுதான் உன்னிடம் கணக்கு எழுதாதே என்கிறார். இந்த வரிசை தலைகீழானால் அன்பு வெறும் பல்லைக் கடித்த பொறுமையாகி, ஆறு மாதத்தில் தீர்ந்துபோகும்.

கணக்கு எழுதாதே என்றால் தப்பை மூடி மறை என்று அர்த்தமில்லை. அடுத்த வரியே "அநியாயத்தில் சந்தோஷப்படாமல், சத்தியத்தில் சந்தோஷப்படும்" என்றுதானே போகிறது. மனம் நொந்தால் என்ன நடந்தது என்று அன்றைக்கே அவளிடம் சொல். நடந்த ஒன்றை மட்டும் சொல். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தாயானால் பழைய நோட்டைத் திறந்துவிட்டாய்.

இந்த வரிசையை இன்னும் பச்சையாகச் சொல்வது யோவானின் முதல் நிருபம், 4-ஆம் அதிகாரம். "தேவன் அன்பாகவே இருக்கிறார்" என்பதை "அன்புதான் தேவன்" என்று திருப்பிப்போட்டுச் சொல்கிறவர்கள் நம் மேடைகளிலேயே உண்டு. இரண்டும் ஒன்றல்ல. அதே நிருபம் முதல் அதிகாரத்தில் "தேவன் ஒளியாயிருக்கிறார்" என்கிறது. அதற்காக யாரும் ஒளியைத் தேவன் என்று சொல்வதில்லை. திருப்பிப்போட்டால் இன்றைக்கு மனதில் பொங்குகிறது எதுவோ அதுவே சாமியாகிவிடும். பொங்கினது அடங்கின அன்றைக்கு?

உலகம் உண்டான பிறகு அன்புகூர ஆள் கிடைத்ததால் தேவன் அன்பானவர் ஆகவில்லை. யோவான் 17:24-இல் இயேசு பிதாவிடம் "உலகத்தோற்றத்துக்கு முன் நீர் என்னில் அன்பாயிருந்தபடியினால்" என்கிறார். திரித்துவம், அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்பது, ஞாயிறு பள்ளியில் விழுங்கின சூத்திரம் என்று நினைத்திருப்பாய். அன்புக்கு ஊற்று அங்கேதான் இருக்கிறது.

அன்புக்கான கிரேக்கச் சொல் 'அகாபே' என்றாலே தெய்வீக அன்பு என்று கேட்டிருப்பாய். அதை அப்படியே நம்பிவிடாதே. பவுலோடு ஊழியம் செய்த தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்துப் பவுலை விட்டுப்போனான் என்கிற இடத்திலும் (2 தீமோத்தேயு 4:10) அதன் வினைச்சொல்தான் இருக்கிறது. சொல்லுக்குள் பரிசுத்தம் இல்லை. யார், யாருக்காக, என்ன செய்தார் என்பதில்தான் இருக்கிறது. யோவானும் அப்படியே விளக்குகிறார்: "தம்முடைய குமாரனை அனுப்பினதினாலே அன்பு உண்டாயிருக்கிறது." நடந்து முடிந்த ஒரு செயல். நம் மனநிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், புதுமாப்பிள்ளைகள் வழக்கமாகச் செய்கிற தவறு ஒன்று உண்டு: வருகிறவளையே ஊற்றாக்கிவிடுவது. எரேமியா 2:13-ஐ எடுத்துப் பார். யூதேயாவில் மழை குளிர்காலத்தில்தான். கோடைக்கு வேண்டிய தண்ணீரைச் சுண்ணாம்புப் பாறையில் தொட்டி வெட்டி, உள்ளே காரை பூசிச் சேமிப்பார்கள். காரையில் வெடிப்பு விழுந்தால் தண்ணீர் சத்தமில்லாமல் கசிந்துபோகும். தேவைப்படுகிற நாளில் எட்டிப் பார்த்தால் அடியில் சேறு. "ஜீவத்தண்ணீரின் ஊற்றாகிய என்னைவிட்டுவிட்டார்கள்", வெடிப்புள்ள தொட்டிகளை வெட்டிக்கொண்டார்கள் என்று கர்த்தர் சொல்வது அதைக் கண்ணால் கண்ட ஜனங்களிடம். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. ஆனாலும் அவளும் தொட்டிதான், நீயும் தொட்டிதான். உன்னை நிரப்புகிற வேலையை அவள் தலையில் வைத்தால் இரண்டு பேரும் காய்ந்துபோவீர்கள்.

கல்யாணம் முடிந்த முதல் வாரம், ராத்திரி ஜெபத்தில் 1 யோவான் 4:7-21-ஐ இரண்டு பேரும் மாறி மாறிச் சத்தமாக வாசியுங்கள். 15 வசனம், நாலைந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. வாசித்ததும் "நான் எவ்வளவு நேசிக்கிறேன்" என்று உள்ளே துழாவாதே. அவர் என்ன செய்தார் என்பதற்கு ஸ்தோத்திரம் சொல். பிறகு, பேச்சினால் அல்ல, செயலினால் அன்புகூருங்கள் என்று அதே நிருபம் 3:18 சொல்கிறபடி, நாளைக்குக் கையால் செய்யக்கூடிய ஒரு வேலையை நினைத்துக்கொள். பாத்திரம் கழுவுவதானாலும் சரி, அவள் அம்மாவுக்கு நீயே போன் போடுவதானாலும் சரி. ஒன்று போதும். வசனத்தை அவளுக்குச் சாட்டையாக எடுக்காதே. "சினமடையாது" என்று வாசித்துவிட்டுப் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்க்கிறவர்கள் நிறைய.

கார்டுக்கு 1 யோவான் 4:19 போடலாம் என்பது என் எண்ணம். நம் பழைய மொழிபெயர்ப்பில் "நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்" என்று இருக்கும். பழைமையான கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் "அவரிடத்தில்" இல்லை. "அவர் முந்தி அன்புகூர்ந்ததால் நாம் அன்புகூருகிறோம்" என்று நின்றுவிடுகிறது. அவரிடத்திலும், அவளிடத்திலும், அடுத்த வீட்டுக்காரரிடத்திலும்.

புரூப் வந்ததும் அந்த '1' இருக்கிறதா என்று நீயே பார்த்துவிடு. அது விட்டுப்போனால் யோவான் சுவிசேஷம் 4 ஆகிவிடும், அங்கே சமாரியப் பெண் பேசிக்கொண்டிருப்பாள். "அன்பிலே பயமில்லை" நன்றாயிருக்கிறதே என்று 4:18-க்கு மாற்றி, '1'-ஐயும் விட்டுவிட்டால் தொலைந்தது: "ஐந்து புருஷர் உனக்கிருந்தார்கள்." சம்பந்தி வீட்டில் யாராவது வேதாகமத்தைத் திறந்து பார்த்துவிடுவார்கள்.

அம்மா