டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த கசிவு

டொராண்டோ,
பிப்ரவரி மாத இரவு

அன்புள்ள நண்பா,

வணக்கம். உன் கடிதம் வந்து மூன்று வாரங்களாகின்றன. என் பழைய காரின் டேஷ்போர்டு முழுவதையும் கழற்றி வீட்டுக் கூடத்தில் பரப்பி வைத்திருந்ததால், அதை மறுபடி பூட்டி முடிக்கும்வரை பதில் எழுத மனம் ஓடவில்லை.

டிசம்பரில் ஹீட்டரைப் போட்டாலே காருக்குள் வெல்லப்பாகு காய்ச்சுவது போன்ற வாடை வரத் தொடங்கியது. பேத்தி சிந்திய பழச்சாறாக இருக்கும் என்றெண்ணி இருக்கை விரிப்பைக் கழுவிக் காயவைத்தேன். வாடை போகவில்லை, முன்கண்ணாடியின் உட்புறத்தில், துடைக்கத் துடைக்க எண்ணெய்போல் இழுபடும் ஒரு மூட்டமும் சேர்ந்துகொண்டது. ஜனவரியில் முன்புறப் பயணி கால் வைக்கும் இடம் நனைந்திருந்ததைத் தொட்டபோதுதான் விரல் வழுவழுத்தது. ஏசி வடிகால் அடைபட்டுச் சொட்டும் தண்ணீராக இருந்தால் அதற்கு நிறமும் இராது, வாடையும் இராது. போனட்டைத் திறந்தேன், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் தொட்டியில் கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ‘ஹீட்டர் கோர்’ என்ற பாகம்தான் கசிகிறது என்று புரிந்தது.

கோவையில் வண்டி ஓட்டும் உனக்கு ஹீட்டர் கோரை நினைக்க வேண்டிய அவசியமே நேர்ந்திராது. அது ஒரு நோட்டுப் புத்தக அளவுள்ள குட்டி ரேடியேட்டர்தான். எஞ்சின் சூட்டை ஏந்திய கூலன்ட், எஞ்சின் அறையையும் காரின் உட்புறத்தையும் பிரிக்கும் தகட்டைத் துளைத்து வரும் இரண்டு ஹோஸ்கள் வழியாக அதற்குள் ஓடித் திரும்ப, புளோயர் விசிறி அதன் மீது அடிக்கும் காற்று சூடாகி நம்மை வந்தடைகிறது. கூலன்டில் கலந்துள்ள அரிமானத் தடுப்புப் பொருள்கள் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும்; பிறகும் மாற்றாமல் ஓட்டினால் மெல்லிய அலுமினியக் குழாய்கள் உள்ளிருந்தே அரிக்கப்பட்டு ஊசித்துளை விழும். நான் ஏழு ஆண்டுகளாக மாற்றவில்லை. பழியை வேறெங்கும் தேட வழியில்லை.

இரண்டு ஹோஸ்களையும் ஒன்றோடொன்று இணைத்து ஹீட்டர் கோரை ஒதுக்கிவிடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொன்னார். உன் ஊரில் அது தாராளமாகப் போதும். இங்கே மைனஸ் 20 டிகிரியில் கண்ணாடிப் பனியை உருக்க வேறு வழி கிடையாது. கசிவை அடைக்கும் மருந்தை ஊற்றச் சொன்னவர்களும் உண்டு. அது ஓட்டையை அடைப்பதோடு நிற்காமல் நல்ல குழாய்களையும் அடைத்துவிடக்கூடும் என்பதால் நான் அதைத் தொடவில்லை.

உதிரிபாகத்தின் விலை அற்பம். அதை எட்டிப் பிடிக்கும் கூலிதான் மலைக்க வைத்தது. ஆகவே நானே இறங்கினேன். ஏசி வாயுவைக் காற்றில் திறந்துவிடுவது இங்கே குற்றம் என்பதால், அதை மட்டும் உரிமம் பெற்ற பணிமனையில் எடுக்கச் செய்தேன். ஏர்பேக் இருப்பதனால் பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் விட்ட பிறகே உள்ளே கைவைத்தேன். வடித்த கூலன்டை உடனே மூடிவைத்தேன். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிவிடும், சிறிதளவே அவற்றின் உயிரைக் குடித்துவிடும். இறுகிப்போன ஹோஸைப் பிடித்து இழுத்தால் குழாயே நசுங்கிவிடும் என்று தெரிந்ததால், கத்தியால் நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புது ஹோஸ் போட்டேன்.

பாலிடெக்னிக்கில் நம் ஆசிரியர் மூடுவதற்கு முன் சோதிக்கச் சொல்லிச் சொல்லி நம்மைச் சலிப்படையச் செய்வாரே, அந்தச் சொல்தான் இம்முறை என்னைக் காப்பாற்றியது. டேஷ்போர்டைப் பூட்டுவதற்கு முன் கூலன்டை நிரப்பி, கைப்பம்பால் 15 பிஎஸ்ஐ அழுத்தம் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் அழுத்தம் காட்டும் முள் இறங்கிவிட்டது. பிரித்துப் பார்த்தால், இணைப்பில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஒன்று மடங்கிப்போய் உட்கார்ந்திருந்தது! அதை மாற்றிய பின் முள் ஒரு மணி நேரமும் அசையவில்லை. எல்லாவற்றையும் மூடிவிட்டு அன்று ஓட்டிப் பார்த்திருந்தால், இரண்டு நாள் வேலையை மறுபடி முதலிலிருந்து செய்திருப்பேன்.

கால்விரிப்பின் அடியிலுள்ள பஞ்சில் ஊறியது மட்டும் இன்னும் முழுதாகக் காயவில்லை. வெயில் வந்தால்தான் உண்டு. பழைய ஹீட்டர் கோரை எறியாமல் வைத்திருக்கிறேன். ஜூனில் நீ மகள் வீட்டுக்கு வரும்போது அந்தத் துளையைக் காட்டுகிறேன். பூதக்கண்ணாடி இருந்தால் கொண்டுவா.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்