23-வது வளைவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை போனில் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன், முடியவில்லை. எழுதினால் வந்துவிடும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை நானும் அம்மாவும் கொல்லிமலைக்குப் போய்விட்டு வந்தோம். பஸ்ஸில்தான். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. 31 வருஷம் லாரி ஸ்டீயரிங் பிடித்திருக்கிறேன், பயணியாக உட்கார்ந்து மலை ஏறியது இதுதான் முதல் தடவை.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி எல்லாம் உனக்குத் தெரிந்த ரோடு. காரவள்ளி தாண்டியதும் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் 1/70, 2/70 என்று பலகை நட்டிருக்கிறார்கள். டிரைவருக்கு முப்பது வயசுக்குள்தான் இருக்கும், ஆனால் தொழில் தெரிந்த பையன். வளைவுக்கு முன்னாடியே கியரைக் குறைத்து, ஹாரன் அடித்து, வண்டியை வெளிப்பக்கம் நன்றாக விட்டு, அப்புறம்தான் ஒடித்தான். எதிரே இறங்கி வந்த கார் ஒன்று பாதி வளைவில் திகைத்து நின்றுவிட்டது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்பது அதை ஓட்டியவருக்குத் தெரியவில்லை. பையன் கோபப்படவில்லை. கையைக் காட்டிப் பின்னால் எடுக்கச் சொல்லி, பொறுமையாக நின்று, அப்புறம் ஏறினான். எனக்கு அவனைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

23/70 பலகை வந்தது. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உனக்கு அப்போது எட்டு வயசு. மொட்டை மாடியில் நின்று, "அப்பா, அந்த மலை மேல என்ன இருக்கு?" என்று நான் ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்பாய். ஒரு ட்ரிப்புக்கும் அடுத்த ட்ரிப்புக்கும் நடுவில் ஒன்றரை நாள் வீட்டில் இருந்தேன். நண்பரிடம் ஆம்னி வேனை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். உன்னைப் பின் சீட்டில் உட்கார வைத்தேன். ராத்திரி நாக்பூருக்கு லோடு ஏற்ற வேண்டும் என்ற நினைப்பிலேயே ஓட்டினேன். பதினைந்தாவது வளைவிலேயே, "புள்ள முகம் வெளுத்துப்போச்சுங்க" என்று அம்மா சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. 23-ல் நீ வாந்தி எடுத்தாய், புது ஃபிராக்கெல்லாம் ஆகிவிட்டது. நான் திட்டினேன். "இதுக்குத்தான் கூட்டிட்டு வரமாட்டேன்னு சொன்னேன்" என்று சொல்லி அங்கேயே வண்டியைத் திருப்பினேன். காரவள்ளி வரும்வரை நீ அழக்கூட இல்லை. அதற்கப்புறம் மலை மேல் என்ன இருக்கு என்று நீ கேட்டதே இல்லை.

தப்பு உன்னிடம் இல்லை, பாப்பா. பின் சீட்டில் இருப்பவர் கண்ணுக்கு முன் சீட்டின் முதுகு மட்டும்தான் தெரியும், அது அசையாது. காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்போ, உடம்பு சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். வண்டி எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று ஓட்டுகிறவனுக்கு முன்கூட்டியே தெரியும், அதனால் அவனுக்கு அது லேசில் வராது. எனக்கு வராததை வைத்து எட்டு வயசுப் பிள்ளையை எடை போட்டுவிட்டேன். முன் சீட்டில் உட்கார வைத்து, தூரத்தைப் பார்க்கச் சொல்லி, நாலைந்து வளைவுக்கு ஒரு தடவை நிறுத்தியிருந்தால் போதும். மன்னித்துக்கொள் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

சரி, மேலே என்ன இருக்கிறது என்று கேட்டாயே, அதைச் சொல்கிறேன்.

வளைவுகள் முடிந்து சோளக்காட்டில் இறங்கினால் காற்றே வேறு. 1,000 மீட்டருக்கு மேல் உயரம். கீழே மாசி வெயில் சுட ஆரம்பித்துவிட்டது, மேலே அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மாடியிலிருந்து பார்த்ததை வைத்து உச்சி கூர்மையாக இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. மேலே அகலமாக விரிந்து, வயலும் ஓடையும் ஊருமாகக் கிடக்கிறது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு என்று 14 நாடுகள், ஒவ்வொன்றும் ஒரு ஊராட்சி. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிக் கிடக்கிறது, அடியில் காப்பிச் செடி.

சரிவெல்லாம் குச்சிக்கிழங்கு. முன்னே சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் பாதிக்கு மேல் இப்போது கிழங்குதான் என்றார் டீக்கடைக்காரர். கிழங்கு கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. அதைக் கேட்டதும் டீ தொண்டையில் இறங்கவில்லை. அன்று ராத்திரி நான் ஏற்ற வேண்டியிருந்ததும் ஜவ்வரிசி மூட்டைதான். மகாராஷ்டிராவில் விரத நாளில் கிச்சடி செய்வார்களே, அதற்கு எத்தனை லோடு கொண்டுபோய் இறக்கியிருப்பேன்! இந்த மண்ணில் விளைந்ததும் அதில் இருந்திருக்கும். அந்த லோடுக்காக இந்த மலையைப் பாதியில் விட்டு இறங்கியிருக்கிறேன்.

கடைகளில் முடவாட்டுக்கால் கிழங்கு விற்கிறார்கள். பாறை இடுக்கில் வளர்வது. பழுப்பு நிறத்தில் ரோமம் மூடி, ஆட்டுக்கால் மாதிரியே இருக்கிறது. அந்த ரோமத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, இஞ்சி, பூண்டு, மிளகோடு தட்டிப்போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். மூட்டு வலிக்கு நல்லது என்று அம்மா இரண்டு டம்ளர் குடித்தாள். செம்மேட்டில் இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி குதிரை மேல் உட்கார்ந்திருக்கிற சிலையைப் பார்த்தோம். அறப்பளீஸ்வரர் கோவிலில் கூட்டமில்லை, நிதானமாகக் கும்பிட்டோம். பக்கத்து ஓடையில் மீனுக்குப் பொரி போட்டோம். அறுத்த மீனைச் சாமி பொருத்தி நீந்தவிட்டார் என்று ஒரு கதை உண்டு, அதனால் அங்கே யாரும் மீன் பிடிப்பதில்லையாம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்க வேண்டும். என் முழங்காலுக்கு அது ஆகாது. மேல்படியில் உட்கார்ந்துகொண்டோம்.

திரும்பும்போதும் அதே பையன்தான். ஏறின கியரிலேயே இறக்கினான், பிரேக்கை மிதித்துக்கொண்டே வரவில்லை. 23-ஐ எப்போது தாண்டினோம் என்று தெரியவில்லை, அம்மா என் தோளில் தூங்கிவிட்டாள்.

உங்களுக்கு ஜூலை, ஆகஸ்டில்தானே லீவு? ஆடி 18-க்கு மலையில் ஓரி விழா நடக்கும், கூட்டம் நெரியும். அதற்கு அடுத்த வாரம் போகலாம். வாடகைக் கார் எடுத்துக்கொள்வோம், நான் ஓட்டுகிறேன், நீ முன் சீட்டு. அருவிக்கு நீயும் மாப்பிள்ளையும் பேரனும் இறங்குங்கள், நான் மேலே துண்டோடு காத்திருக்கிறேன்.

ரோட்டோரம் ஒரு பாட்டி பாயில் மிளகு காயப் போட்டிருந்தார். பச்சையும் கறுப்பும் கலந்து கிடந்தது. காய்ந்ததை மட்டும் பொறுக்கித் தனியாக அளந்து கொடுத்தார். அரை கிலோ பார்சல் போட்டிருக்கிறேன். வந்ததும் இன்னொரு தடவை வெயிலில் காட்டிவிட்டு டப்பாவில் போடு. பேரனுக்கு ரசத்தில் கொஞ்சமாகப் போடு, காரம் அதிகம்.

அன்புடன்,
அப்பா