பயனர் கையேடு யாருக்காக?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுச் சாதனங்களோடு வரும் பயனர் கையேடுகள் பெரும்பாலும் பொத்தான்களின் பெயர்களை வரிசையாகச் சொல்கின்றன. வாங்கியவர் தேடுவது அதை அல்ல. சலவை இயந்திரத்தில் தண்ணீர் வடியாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதைத்தான். தலைப்புகளே இப்படிப்பட்ட வேலைகளின் பெயரில் இருந்தால் பாதி சிரமம் தீரும்.

எச்சரிக்கை வரும் இடம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 'மூடியைத் திறக்கவும்' என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியில் 'அதற்கு முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்' என்றால், வரிவரியாகப் படித்தபடியே செய்பவரின் கை அதற்குள் உள்ளே போயிருக்கும். ஆபத்து என்ன, தவிர்ப்பது எப்படி என்ற இரண்டும் அந்தப் படிக்கு முன்பே வர வேண்டும். இத்தகைய கையேடுகளுக்கென்றே ஐஇசி/ஐஇஇஇ 82079-1 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது; 2019-இல் அதைப் புதுப்பித்தும் வெளியிட்டார்கள். எழுதுபவர்கள் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

அப்புறம், அச்சுக்கு அனுப்பும் முன், சாதனத்தை முன்பின் பார்த்திராத ஒருவரிடம் கையேட்டை மட்டும் கொடுத்து, குறுக்கே பேசாமல் கவனியுங்கள். அவர் தயங்கும் இடம்தான் திருத்த வேண்டிய வரி. சாதனத்தை உருவாக்கிய பொறியாளருக்கு எல்லாம் தெரியும் என்பதால், அந்த வரி அவர் கண்ணில் படாது. இதற்காக நிறுவனங்கள் ஒரு நாளாவது ஒதுக்கட்டும்.

— ஒரு வாசகர்