கையெழுத்துக்கு பிள்ளைய தேடுறதுக்கு முன்னாடி அந்த ஆச்சிகிட்ட கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டை பக்கத்துல ஒரு முதியோர் இல்லத்துல பல வருஷமா நிர்வாகியா இருக்கேன். முதியோர் இல்லம்னு பேப்பர்ல வந்தாலே பிள்ளைங்க கைவிட்டுட்டாங்கன்னு தான் வருது, அப்படி வந்தவங்களும் உண்டு, இல்லைங்கல. ஆனா எங்ககிட்ட இருக்க நிறைய பேருக்கு பிள்ளைங்க சென்னை, பெங்களூரு, துபாய்னு இருக்காங்க, தினம் போன் பண்ணுவாங்க, லீவு கெடச்சா நெல்லை எக்ஸ்பிரஸ்ல சனிக்கிழமை காலையில வந்து எறங்கி ஞாயித்துக்கிழமை ராத்திரி அதே ரயில்ல திரும்பிருவாங்க. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ராத்திரி தூக்கத்த கெடுக்குற விஷயம் வேற ஒண்ணு இருக்கு, அத யாரும் எழுதி நான் பாக்கல. ஆஸ்பத்திரியில யாரு கையெழுத்து போடணும்ங்கறது தான் அது.

களக்காடு பக்கத்து ஆச்சி ஒருத்தங்க, எண்பது தாண்டினவங்க, ஒருநா சாயங்காலம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. 108-ஐ கூப்பிட்டு ஒரு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனோம், எக்ஸ்ரேல இடுப்புகிட்ட தொடை எலும்பு முறிஞ்சது தெரிஞ்சிருச்சு, டாக்டரும் ஆபரேஷன் பண்ணிரலாம்னுட்டாரு. அதுக்கப்புறம் தான் ரத்த சொந்தம் யாரு வந்திருக்கீங்கன்னு கேட்டாங்க. மூத்த மகன் கத்தார்ல டூட்டியில, போன் சுவிட்ச் ஆப். மக பெங்களூர்ல, அண்ணன கேக்காம நான் எப்படி சொல்லங்காங்க. சின்ன மகன், இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன், நாட்டு வைத்தியத்துல கட்டு போட்டா போதும்ங்காரு. ஆச்சி முழு நினைவோட ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு தான் இருக்காங்க. "எய்யா, எங்கால பத்தி எங்கிட்ட கேளுங்களேன், நான் எட்டாங்கிளாஸ் படிச்சவ, கையெழுத்து நானே போடுதேன், பண்ணிருங்க"ன்னு சொல்லுதாங்க, ஒருத்தர் கூட அவங்க பக்கம் திரும்பல. மகன் லைன்ல வந்து, தம்பிகிட்ட பேசி சம்மதிக்க வச்சு, வாட்ஸ்அப்ல லெட்டர் அனுப்பி, ஆபரேஷன் நடக்க மூணாவது நாள் ஆயிருச்சு.

இந்த மாதிரி முறிவுக்கு 48 மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிட்டா நல்லதுன்னு டாக்டருங்களே தான் சொல்றாங்க. லேட்டாக ஆக நெஞ்சுல சளி கட்டும், கால்ல ரத்தம் உறையும், முதுகுல புண்ணு வந்துரும். படுக்கைப்புண்ணு வந்த உடம்ப ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் போட்டு, அந்த முனகல கேட்டுக்கிட்டே மருந்து வைக்குற எங்க அட்டெண்டர் பிள்ளைங்ககிட்ட கேட்டா தெரியும், ஒரு நாள் லேட்டுன்னா என்னன்னு.

சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்ச வக்கீல் அண்ணாச்சிகிட்ட கேட்டேன். 2008 ஜனவரியில சமீரா கோலிங்கறவங்க வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லியிருக்காம், வயசு வந்து சுயபுத்தியோட இருக்குற ஆளோட உடம்புக்கு சம்மதம் அவங்க தான் குடுக்கணும்னு. அந்த கேஸ்ல 44 வயசு பொண்ணு மயக்க மருந்துல இருக்கும்போது அவங்க அம்மாகிட்ட வாங்குன சம்மதம் செல்லாதுன்னுட்டாங்க. உயிர் போற அவசரம்னா டாக்டரே சிகிச்சைய ஆரம்பிக்கலாம். பெத்த தாய் குடுத்ததே செல்லாதுன்னா, நல்லா பேசிக்கிட்டு இருக்க ஆச்சிய விட்டுட்டு கத்தார்ல இருக்க மகன ஏன் தேடணும்? பாத்துக்கிடணும்னு கண்டிஷன் போட்டு பிள்ளைக்கு எழுதிக்குடுத்த சொத்த, பிள்ளை பாக்கலன்னா ஆர்டிஓகிட்ட, அதாவது வருவாய் கோட்டாட்சியர்கிட்ட, மனு குடுத்து ரத்து பண்ண 2007 மூத்த குடிமக்கள் பராமரிப்பு சட்டத்துல வழி இருக்கு. சொத்துல அவங்க பேச்சு எடுபடுது, அவங்க காலுக்கு அவங்க பேச்சு எடுபட மாட்டேங்குது, எனக்கு இத நெனச்சா ஆத்திரமா வருது.

ஆஸ்பத்திரிக்காரங்களுக்கும் பயம் இருக்கு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா பிள்ளைங்க வந்து சண்ட போடுவாங்கன்னு, அது எனக்கு புரியுது. அதுக்காக நிர்வாகி கையெழுத்த ஏத்துக்கிடுங்கன்னு நான் கேக்கல, அந்த அதிகாரம் எங்களுக்கு வரவே கூடாது, பெரியவங்ககிட்ட கைநாட்டு வாங்கி ஏமாத்துனவங்களும் இந்த தொழில்ல இருக்கத்தான் செய்றாங்க.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்த யாரும் மறந்திருக்க மாட்டோம், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமெல்லாம் தாமிரபரணி தண்ணி, கரண்டு இல்ல, பல எடத்துல போன் டவரும் இல்ல. அந்த மாதிரி நேரத்துல பிள்ளைய கேட்டு சொல்லுங்கன்னா நாங்க யார போயி கேக்க? கல்யாணமே பண்ணாம இருந்து ரிட்டயர்டான டீச்சரம்மா எங்ககிட்ட இருக்காங்க, அவங்களுக்கு எந்த ரத்த சொந்தத்த கூட்டிட்டு வர?

மறதி நோய் முத்திப்போனவங்க கதை வேற, அங்க குடும்பம் தான் முடிவு எடுத்தாகணும். ஆனா "நாங்க தான் பவர் எழுதி வாங்கியிருக்கோமே"ன்னு நிறைய பேரு தைரியமா இருக்காங்க, எழுதிக்குடுத்தவருக்கு புத்தி தடுமாறிட்டா அந்த சாதாரண பவர் பத்திரம் அப்பவே செத்துப்போச்சுன்னு அவங்களுக்கு தெரியல. அதனால நினைவு நல்லா இருக்கும்போதே உக்காந்து பேசணும். கடைசி காலத்துல வென்டிலேட்டர் வேணுமா வேண்டாமான்னு முன்கூட்டியே எழுதி வைக்க 2018-லயே சுப்ரீம் கோர்ட் அனுமதி குடுத்துருச்சு, 2023 ஜனவரியில அத லேசாவும் ஆக்கிட்டாங்க, ரெண்டு சாட்சி, ஒரு நோட்டரி இல்லன்னா கெஜட்டட் ஆபீசர் போதும். அந்த டீச்சரம்மா எழுதி வச்சுட்டாங்க, தனக்காக முடிவு சொல்ல அவங்ககூட வேலை பாத்த சிநேகிதியோட பேர அதுல போட்டிருக்காங்க. பேச்ச எடுத்தா அபசகுனம்னு பிள்ளைங்க தான் வாய அடைக்காங்க, பெரியவங்க இதெல்லாம் ரொம்ப தெளிவா பேசுதாங்க.

அடுத்த தடவ அப்பா அம்மாவ பாக்க வரும்போது அல்வா, பழத்தோட சேத்து ஒரு அரைமணி நேரத்த இதுக்கும் ஒதுக்குங்க, அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி எல்லாரும் ஒருத்தர முடிவு பண்ணி, ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுக்குற நம்பர எங்க ஆபீஸ்ல குடுத்துட்டு போங்க.

மாவட்ட நிர்வாகத்துக்கு என் கோரிக்கை, அரசு ஆஸ்பத்திரி தனியார் ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் கலெக்டர் ஆபீஸ்ல இருந்து ஒரு சர்க்குலர் வரணும்: முதியோர் இல்லத்துல இருந்து வர்றவங்க நினைவோட இருந்தா மொதல்ல அவங்ககிட்ட விளக்கிச் சொல்லி அவங்க கையெழுத்த வாங்குங்க, பிள்ளைங்களுக்கு தகவல் நாங்க சொல்லிக்கிடுறோம். வந்துச்சுன்னா அத லேமினேட் பண்ணி ஒவ்வொரு தடவ ஆம்புலன்ஸ்ல ஏறும்போதும் கையோட கொண்டு போவோம்.

இப்படிக்கு,
முதியோர் இல்ல நிர்வாகி ஒருவர்,
பாளையங்கோட்டை.