நேரத்தையும் சேர்த்து அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தில் கல்லூரி விளையாட்டுப் போட்டி எங்கு நடந்தாலும் உங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் செய்தி வந்துவிடுகிறது. தொடங்கி வைத்தவர் யார், கோப்பை வழங்கியவர் யார், அவர் என்ன பேசினார் எல்லாம் அதில் இருக்கும். கடைசியில், ‘100 மீட்டர் ஓட்டத்தில் இன்ன கல்லூரி மாணவி முதலிடம்’ என்று ஒரு வரி. எத்தனை நொடியில் ஓடினாள் என்பது மட்டும் இருக்காது. நான் இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவி. 100, 200 மீட்டரும் தொடர் ஓட்டமும் ஓடுகிறேன். விடுபட்டுப் போகும் அந்த எண்ணைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அந்த எண்ணுக்காக நாங்கள் என்ன செய்கிறோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்க வேண்டுமென்றால் இரணியல், குளச்சல் பக்கத்துப் பிள்ளைகள் நாலரைக்கே எழுந்தாக வேண்டும். வார்ம் அப், டிரில்ஸ், பிளாக்கிலிருந்து (தொடக்கத்தில் கால் ஊன்றி உந்தும் கட்டை) 30 மீட்டர் ஸ்டார்ட், பிறகு 60, 120 மீட்டர் ஓட்டங்கள். முடித்ததும் முகம் கழுவி, சுடிதார் மாற்றி, கொண்டுவந்த ஏத்தன் பழத்தைத் தின்றுகொண்டே முதல் வகுப்புக்கு ஓட வேண்டும். மீட் (போட்டி) நாளில் இன்டர்னல் தேர்வு வைத்துவிட்டால், கல்லூரி வேலையாகப் போனதாகக் காட்டும் ஓ.டி. கடிதத்தோடு ஒவ்வொரு ஆசிரியர் முன்பாகவும் நிற்க வேண்டும். மாலைப் பயிற்சி நீண்டால் வீட்டிலிருந்து போன் வரும். மற்ற மாவட்டங்களில் பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில்தான் மழை. நமக்கோ ஜூனில் கல்லூரி திறக்கும்போதே தென்மேற்குப் பருவமழையும் தொடங்கிவிடுகிறது, அக்டோபரில் வடகிழக்கும் வந்து சேர்கிறது. மண் தரையில் தண்ணீர் நின்றால் ஸ்பைக் (ஆணி வைத்த காலணி) போட்டு ஓட முடியாது. அந்த நாட்களில் வராந்தாவில் குதிப்பு, மாடிப்படி ஏற்றம் என்று ஒப்பேற்றுகிறோம்.

இப்படி ஒரு வருடம் முழுக்க உழைத்தால் 100 மீட்டரில் என்னைப் போன்ற ஒருத்திக்குக் குறைவது ஒரு நொடியில் பத்தில் இரண்டு பங்கோ மூன்று பங்கோதான். அதுவே பெரிய முன்னேற்றம் என்பார்கள் பயிற்சியாளர்கள். ஆனால் நம் பகுதிப் போட்டிகளில் நேரம் எடுக்கும் முறையிலேயே அந்த அளவுக்குப் பிழை இருக்கிறது.

பல சிறிய மீட்களில் விசில் ஊதித்தான் ஓட்டத்தைத் தொடங்குகிறார்கள். ஸ்டாப் வாட்ச் வைத்திருப்பவர் நிற்பது 100 மீட்டர் தள்ளி, முடிவுக் கோட்டில். ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும் என்று பள்ளியிலேயே படித்தோம். விசில் சத்தம் அவர் காதுக்குப் போய்ச் சேரவே கிட்டத்தட்ட 0.3 நொடி ஆகிவிடும். அதற்குள் நாங்கள் பிளாக்கை உந்தத் தொடங்கியிருப்போம். இதற்காகத்தான் துப்பாக்கியின் புகையையோ, இரண்டு கட்டைகள் ஒன்றோடொன்று மோதுவதையோ கண்ணால் பார்த்து வாட்ச்சை அழுத்த வேண்டும், சத்தத்துக்குக் காத்திருக்கக் கூடாது என்கிறார்கள். அப்படி அழுத்தினாலும் கைவிரல் சற்றுத் தாமதிக்கும். அதனால்தான் 100, 200 மீட்டரில் கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 நொடியைக் கூட்டிக்கொள்வது தடகள வழக்கம். 0.24 நொடியில் நானே கிட்டத்தட்ட 2 மீட்டர் ஓடிவிடுவேன். ஹீட்ஸில், அதாவது தகுதிச் சுற்றில், 2 மீட்டர் என்பது முதலிடத்துக்கும் வெளியேறுவதற்கும் உள்ள தூரம்.

நடுவர்களாக நிற்பவர்கள் பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியர்கள். காலை முதல் மாலை வரை வெயிலில் நின்று எங்களுக்காக உழைக்கிறவர்கள். அவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. முறையை மாற்ற வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

முறை சரியில்லாததால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இங்கே 100 மீட்டருக்கு 12.7 நொடி என்று எழுதித் தந்தார்கள். அந்த நம்பிக்கையோடு வெளியூரில் மின்னணு நேரமும் செயற்கை இழை ஓடுதளமும் உள்ள போட்டிக்குப் போனேன். பலகையில் 13.08 என்று வந்தது. நான் மெதுவாகிவிட்டேன் என்றே நினைத்தேன். அடுத்த வாரங்களில் ஓய்வு எடுக்க வேண்டிய நாட்களிலும் ஓடினேன். தொடையின் பின்தசை இழுத்துக்கொண்டது. அந்த சீசன் அதோடு போயிற்று. எங்கள் பி.டி. மேடம் ஒருநாள் தாளில் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான், இரண்டும் ஏறத்தாழ ஒரே ஓட்டம் என்று புரிந்தது. எனக்காவது சொல்லித்தர ஒருவர் இருந்தார். இதே போல ‘நேரம் குறைந்துபோன’ என் ஜூனியர் ஒருத்தி ஓடுவதையே நிறுத்திவிட்டாள். அவள் ஸ்டார்ட் என்னுடையதைவிட நன்றாக இருக்கும்.

காற்றையும் சொல்ல வேண்டும். முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகளைச் சுற்றவைக்கிற காற்று வீசும் மாவட்டம் இது. நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் முதுகுக்குப் பின்னாலிருந்து காற்று அடித்தால் 100, 200 மீட்டரில் அந்த நேரம் சாதனையாகக் கணக்கில் சேராது. 2 மீட்டர் காற்றே 100 மீட்டரில் ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துவிடும். ஆனி ஆடியில் இங்கே அடிக்கிற காற்றில் எடுத்த நேரத்துக்குக் காற்றுமானி அளவு இல்லையென்றால், அது ஓடியவளின் நேரமா, காற்றின் நேரமா என்று யாராலும் சொல்ல முடியாது.

இவ்வளவு சின்ன எண்களுக்கா இத்தனை கவலை என்று கேட்கலாம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா வெண்கலத்தை இழந்தது ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில். மதுரை சக்கிமங்கலத்தில் பாட்டி வளர்த்த பிள்ளை ரேவதி வீரமணி, கல்லூரியில் சேர்ந்த புதிதில் வெறுங்காலில் ஓடியவர். 2021ஆம் ஆண்டு பாட்டியாலாவில் நடந்த தேர்வு ஓட்டத்தில் 400 மீட்டரை 53.55 நொடியில் முடித்ததால்தான் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போகும், ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் கலப்புத் தொடர் ஓட்ட அணியில் இடம் பிடித்தார். அவருடைய வறுமையையும் உழைப்பையும் பற்றி எல்லா இதழ்களும் எழுதின. அவரை அணியில் சேர்த்தது அந்த எண்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். தடகள முடிவுகளை வெளியிடும்போது முதல் மூன்று இடங்களுக்கும் நேரத்தைச் சேர்த்து அச்சிடுங்கள். அது கையால் எடுத்ததா, மின்னணு நேரமா என்றும் ஒரு சொல்லில் குறிப்பிடுங்கள். சிறப்பு விருந்தினரின் பேச்சில் இரண்டு வரியைக் குறைத்தால் இடம் கிடைத்துவிடும். செய்தியாளர் நேரம் கேட்பார் என்று தெரிந்தால் நடத்துகிறவர்களும் அதை ஒழுங்காக எடுப்பார்கள் என்று நம்புகிறேன். இப்போது இரண்டாம், மூன்றாம் இடத்துக்குப் பல மீட்களில் நேரமே எடுப்பதில்லை.

மீட் நடத்தும் கல்லூரிகளுக்கும் உங்கள் இதழ் வழியாகவே சொல்லிவிடுகிறேன். விசிலை விட்டுக் கட்டைக்கு மாறுங்கள். இரண்டு பலகையும் ஒரு கீலும் இருந்தால் போதும். முதலிடத்துக்காவது மூன்று வாட்ச் வைத்து, மூன்றும் வேறுவேறாக இருந்தால் நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் ‘கை நேரம்’ என்று எழுதுங்கள். முடிவுக் கோட்டைப் படமெடுத்து மின்னணு நேரம் தரும் புகைப்பட முடிவுக் கருவி வாங்குவது ஒரு கல்லூரிக்குச் சுமைதான். நாகர்கோவில், மார்த்தாண்டம், கன்னியாகுமரி பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து ஒன்று வாங்கி முறை வைத்துப் பயன்படுத்தினால் எல்லா மீட்டுக்கும் அது போதும்.

எனக்கு இது கடைசி வருடம். என் 12.7ஐத் திருத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. இந்த வருடம் சேர்ந்திருக்கும் முதலாண்டுப் பிள்ளைகளின் முதல் மீட்டிலிருந்தாவது இது தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத கல்லூரி மாணவி,
தக்கலை.