குண்டூசிக்கு ஒரு பதில்

நாகலூர், ஏற்காடு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள குண்டூசி,

நீ சித்திரையில் அனுப்பிய படத்துக்கு ஆடி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். திட்டுவதைத் திட்டிவிட்டு மேலே படி. முட்டிவலி பழையபடி. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தம்பியும் அவன் மனைவியும் என்னைக் கீழே சேலத்துக்கு அனுப்புவதாக இல்லை, நானும் போவதாக இல்லை. கொடுக்காப்புளி வீட்டுக் காதுகுத்துக்கு உனக்குப் பத்திரிகை வந்ததாமே? எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. மோதிரக் கதையை அவள் இன்னும் மறக்கவில்லை போல.

சரி, உன் பால்கனிச் செடி. "தொட்டியில் தானாக முளைத்தது, வெள்ளைப் பூ, நல்ல வாசனை, போன் ஆப் மூன்று பேர் சொல்கிறது, எது சரி?" என்று கேட்டிருந்தாய். ஆப் சொன்னது காபி, மல்லிகை, நந்தியாவட்டை. மூன்றுமே நியாயமான பதில்தான், அந்தப் படத்தைப் பார்த்தால் நானும் அதையேதான் சொல்வேன். பூவின் முகத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாய், கல்யாண வீட்டில் மணப்பெண்ணை எடுப்பதுபோல. காம்பைக் காணோம், கணுவைக் காணோம், இலையின் அடிப்புறம் காணோம். நாம் பி.எஸ்சி. தாவரவியல் படித்தவர்கள்டி! நீ அப்புறம் வங்கிக்குப் போய்விட்டாய் என்பதற்காக இப்படியா?

இப்போது பூ உதிர்ந்திருக்கும், பரவாயில்லை. பால்கனிக்குப் போ. முதலில் ஓர் இலையைக் கிள்ளு. பால் வடிந்தால் நந்தியாவட்டை, கதை முடிந்தது. பால் இல்லையென்றால் இலைகள் தண்டில் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று பார். மூன்று செடிக்குமே எதிரிலை அமைவுதான், ஒரு கணுவுக்கு இரண்டு இலை, நேருக்கு நேர். அதனால் அது மட்டும் உதவாது. அந்த இரண்டு காம்புகளுக்கும் நடுவே, தண்டின் மேல், இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகச் சின்ன முக்கோணச் செதில் இருக்கிறதா? நுனிக்குப் பக்கத்துக் கணுவில் பார், கீழே முற்றிய தண்டில் தெளிவாகத் தெரியாது. இருந்தால் அது காபிக் குடும்பம். காபி, வெட்சி, நுணா எல்லாவற்றுக்கும் அந்த இலையடிச் செதில்தான் அடையாளம். செதிலும் இல்லை, பாலும் இல்லை என்றால் மல்லிகை. அடுத்த முறை பூத்தால் ஒரு பூவை நெடுக்குவாட்டில் பிளந்து மகரந்தத் தாள்களை எண்ணு. மல்லிகைக்கு இரண்டே இரண்டு. காபிக்கு இதழ் எத்தனையோ அத்தனை, பெரும்பாலும் ஐந்து.

என் ஊகம் என்ன என்று சொல்லமாட்டேன். போன தடவை இங்கே வந்தபோது தம்பி தோட்டத்தில் சிவந்த பழத்தைப் பறித்து வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே போனது யார் என்று மட்டும் யோசித்துக்கொள்.

இத்தனைக்கும் இந்தப் பைத்தியம் எனக்கு மறுபடி பிடித்தது மலையில் இல்லை, சமையலறையில். தம்பி மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "ஒரு கிளைக்கு எத்தனை இலை அண்ணி!" என்றாள். இலையே ஒன்றுதானம்மா என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்கவேண்டும். முழங்கை நீளத்துக்கு இருக்கும் அது முழுவதும் ஒரே இலை, மும்முறை பிரிந்த சிறகுக் கூட்டிலை. உருவிப் போடுவதெல்லாம் சிற்றிலைகள். நம்பவில்லை. மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கோண மொட்டைக் காட்டினேன். இலை எங்கே தண்டில் சேர்கிறதோ அந்த இடுக்கில் மொட்டு இருக்கும், சிற்றிலையின் இடுக்கில் இருக்காது. எத்தனை பெரிய இலையானாலும் இந்தக் கணக்குத் தப்பாது. கறிவேப்பிலையில் ஒரு ஈர்க்கு என்று கொடுக்கிறோமே, அதுவும் ஓர் இலைதான். அன்றிலிருந்து அவள் கடைக்காரரிடம் "நாலு இலை கொடுங்க" என்று கேட்டு வம்பு பண்ணுகிறாள்.

அப்புறம் எதைப் பார்த்தாலும் மொட்டைத் தேடுவதே வேலையாகிவிட்டது. ஆத்தூர்ப் பக்கம் ஒரு துக்கத்துக்குப் போனபோது வழியெல்லாம் மரவள்ளிக் காடு. ஜவ்வரிசி மில்லுக்குப் போகிற கிழங்கு. அதன் இலை ஐந்து விரல், ஏழு விரல் என்று விரிந்திருப்பதைப் பார்த்துக் கூட்டிலை என்று சத்தியம் பண்ணுவாய். இல்லை, தனியிலைதான். விரல்கள் அடியில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன, ஆழமாக வெட்டுப்பட்ட ஒரே தாள். அதே சாலையோரம் நின்ற இலவ மரத்தில் விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கழன்று விழுகிறது, அதுதான் அங்கை வடிவக் கூட்டிலை. டிரைவரை நிறுத்தச் சொல்லி இரண்டையும் பறித்து மடியில் வைத்துக்கொண்டேன். துக்க வீட்டில் இறங்கும்போது மறைக்கச் சிரமப்பட்டேன்.

கத்திரிக்காய்க்குப் புல்லிவட்டம், அதாவது பூவின் வெளியடுக்கு, காம்புப் பக்கம் தொப்பியாக ஒட்டியிருக்கிறது, கொய்யாவுக்கும் மாதுளைக்கும் மறுமுனையில் கிரீடமாக இருக்கிறது. காயாகப்போகிற சூல்பை புல்லிவட்டத்துக்கு மேலே இருந்தால் மேல்மட்டச் சூல்பை, கீழே இருந்தால் கீழ்மட்டச் சூல்பை என்று பரீட்சைக்கு உருப்போட்டோமே, அது இவ்வளவுதான். நாற்பது வருடம் கத்திரிக்காய் நறுக்கியிருக்கிறேன். காபிப் பழத்தின் நுனியிலும் வட்டமாக ஒரு தழும்பு இருக்கும், பூ உட்கார்ந்திருந்த இடம் அது. உன் செடி காய்த்திருந்தால் அதையும் பார்த்து வை.

போதும். நிஜமான விஷயத்துக்கு வருகிறேன்.

தம்பி நிலத்துக்குக் கீழ்ப்பக்கம் இருந்த தோட்டம் கைமாறிவிட்டது. வாங்கியவர் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுதி கட்டப்போகிறார். எல்லையோரம், பாறை இடுக்கில், ஒரு சின்ன மரம் நிற்கிறது. வண்டி திரும்ப இடம் வேண்டுமாம், அதை வெட்ட மனுப் போட்டிருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை. "என்ன மரம்னு சொல்லுங்கம்மா, முக்கியமானதா இருந்தா விட்டுடறேன்" என்றார். ஆப்பில் பார்த்தாராம், பேர் வரவில்லையாம்.

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. இந்த மலையின் பேரையே சுமக்கிற வெர்னோனியா ஷெவராயென்சிஸ். கேம்பிள் பேர் வைத்தது. சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றி 1915 முதல் பகுதி பகுதியாகப் புத்தகம் போட்டாரே, அந்தக் கேம்பிள். சூரியகாந்திக் குடும்பத்தில் ஒரு மரம்! மூக்குப்பொடி சார் வகுப்பில் சொன்னபோது நீ நம்பவில்லை, ஞாபகம் இருக்கிறதா? அழியும் நிலையில் இருக்கிற மரம், இந்தச் சேர்வராயன் மலைதான் அதற்குச் சொந்த ஊர்.

ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பது? இந்திய தாவரவியல் ஆய்வகத்தின் தோட்டம் 1963 முதல் இங்கேயே இருக்கிறது, அங்கே காட்டத்தான் போகிறேன். வெறுங்கையோடு போகக்கூடாது. மரத்தில் பூ இல்லை. கிளை நுனியில் போன பருவத்துத் தலை மஞ்சரிகள் சில காய்ந்து தொங்குகின்றன. பூ என்று நாம் நினைப்பது பூக்கூட்டம், உள்ளே ஒவ்வொன்றும் தனிச் சிறுமலர், வெர்னோனியாவில் எல்லாமே குழல்தான், சூரியகாந்திபோல ஓரத்தில் மஞ்சள் நாக்கு கிடையாது. சுற்றிலும் பூவடிச் செதில்கள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும். அந்தச் செதில் எத்தனை வரிசை, நுனி கூரா மழுங்கலா, விதை முடியில் குஞ்சம் எப்படி, இதெல்லாம் வேண்டும். படம் எடுத்துப் பார்த்தேன். பழுப்பின் மேல் பழுப்பு, ஆடிப் பனிமூட்டம் வேறு, ஒன்றும் தெரியவில்லை. இலை மாற்றிலை அமைவு (கணுவுக்கு ஒன்றே ஒன்று), விளிம்பு, நரம்பு, அடிப்புறம் ரோமம் என்று எழுதி வைத்திருக்கிறேன். (ரோமம் என்றுதான் எழுதினேன். மூக்குப்பொடி சார் "மயிர்" என்றபோது பையன்கள் பெஞ்சைத் தட்டினார்களே, அதற்கப்புறம் அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை.) எழுத்து பாதி தூரம்தான் போகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்து, பெரிதாக்கி, ஒரே தாளில் கிளை, இலையின் இரண்டு பக்கம், பிளந்த தலை, ஒற்றைச் செதில் என்று வரைந்து காட்டினால் பார்க்கிறவருக்கு ஒரு நிமிட வேலை.

வகுப்பில் பாதிப் பேருடைய ரெக்கார்டு நோட்டில் படம் போட்டது நீதான். என் நோட்டிலும்தான். எருக்கம்பூவின் நெடுக்குவெட்டை வெளித்தேர்வாளர் கையில் வைத்துக்கொண்டு "இது நீயே வரைந்ததா?" என்று என்னைக் கேட்டாரே! கை நடுங்குகிறது என்று போனில் சொன்னாய். நடுங்கினாலும் என் கையைவிட நேராகத்தான் போடும்.

அதனால் வா. அவர் மனு மேலே போவதற்குள் வா. ஓசூரிலிருந்து சேலம் வந்துவிடு, தம்பி வண்டி அனுப்புவான். கொண்டை ஊசி வளைவு இருபதையும் குண்டூசி தாண்டியாகவேண்டும், எலுமிச்சம்பழம் கையில் வைத்துக்கொள், முன் சீட்டில் உட்கார். மகன் விடமாட்டான் என்று சாக்குச் சொல்லாதே, அவனிடம் நான் பேசுகிறேன். 4ஹெச் பென்சிலும் நல்ல ரப்பரும் கொண்டுவா, இங்கே கடையில் எச்பிதான் கிடைக்கிறது. தாள் நான் வாங்கி வைத்துவிட்டேன்.

வரும்போது அந்தப் பால்கனிச் செடியிலிருந்து ஒரு கணுவோடு கிளை ஒடித்துக்கொண்டு வா, காம்பிடுக்கை நானே பார்க்கிறேன்.

அன்புடன்,
ஸ்பெசிமன்