போர்மாவின் திரையில் 70, உள்ளே 64

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தில் கருங்கல், மார்த்தாண்டம் வட்டார முந்திரி ஆலைகளில் மின்பழுது பார்த்து வருபவன் என்ற முறையில், முந்திரிப் பருப்பை உலர்த்தும் சூட்டறையான போர்மாவின் வெப்பத்தை அளக்கும் சென்சார் பற்றித் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சிலவற்றைக் கூற விரும்புகிறேன்.

உடைத்தெடுத்த பருப்பை ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் உலர்த்தினால்தான் தொலி கழன்று வரும். சூடு குறைந்தால் தொலி ஒட்டிக்கொள்ளும். உரிக்கும் பெண்கள் கத்தியால் சுரண்டும்போது பருப்பு நொறுங்கும். எடைக்கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு அன்றைய வருமானமே குறைந்துவிடும்.

அண்மையில் ஓர் ஆலையில் இக்குறை வந்தபோது, கொட்டை பழையது என்று பழி சொன்னார்களே தவிர, 70.2 என்று தசமப்புள்ளியோடு ஒளிர்ந்த எண்ணை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. சென்சாரைக் கேபிள் இணைப்போடு போர்மாவிலிருந்து கழற்றி, நொறுக்கிய ஐஸும் சிறிது நல்ல தண்ணீரும் நிரப்பிய பிளாஸ்கில் முக்கி வைத்தேன். பூஜ்ஜியம் காட்ட வேண்டிய திரை 5.6 காட்டியது. (மீன்பெட்டி ஐஸ் இதற்கு ஆகாது, உப்பு கலந்தால் பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கிவிடும்.)

அங்கிருந்தது பி.டி.100 என்னும் பிளாட்டினம் சென்சார். பூஜ்ஜியம் டிகிரியில் 100 ஓம் இருக்கும் அதன் மின்தடை, ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.385 ஓம் கூடும். எலி கடித்த பழைய கேபிளுக்குப் பதிலாக, 30 மீட்டர் தூரத்துக்கு மெல்லிய இரண்டு கம்பியை இழுத்து, அளவைத் திரையில் காட்டும் கன்ட்ரோலரில் மூன்றாவது முனையைச் சிறு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டிருந்தார்கள். போக வர 60 மீட்டர் கம்பியின் தடையான இரண்டு ஓமுக்குச் சற்று மேற்பட்ட அளவையும் கன்ட்ரோலர் வெப்பமாகவே எண்ணிக்கொண்டது. கம்பியின் தடையைக் கழிப்பதற்கென்றே இருக்கும் மூன்றாவது கம்பியைச் சென்சார் வரை இழுத்ததும் பிழை மறைந்தது. சென்சாரில் குற்றமே இல்லை. தெர்மோகப்பிள் என்னும் வேறு வகை வெப்பச் சென்சாரிலும் அதற்குரிய கேபிளை விட்டுச் சாதாரணச் செம்புக் கம்பியை ஒட்டுப்போடும் வழக்கத்தைப் பார்க்கிறேன்.

எனவே, நாகர்கோவில் கோணத்திலுள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் அளவுத்திருத்தச் சான்று பெற்ற வெப்பமானி ஒன்றை வைத்து, மாதம் ஒரு நாளாவது சிறு ஆலைகளின் சென்சார்களை அவற்றின் கேபிளோடும் கன்ட்ரோலரோடும் சேர்த்துச் சோதித்துத் தர, மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். சென்சாரை மட்டும் கழற்றிக்கொண்டு போனால் நான் கண்ட பிழை அகப்படாது.

இப்படிக்கு,
மின்பணியாளர் ஒருவர்,
கருங்கல்.